கடல் பக்கத்தில் இருந்தும் சாகும் கடல் சாமந்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் உவர்நீர்த் தொட்டி வைத்துப் பவளமும் கோமாளி மீனும் வளர்ப்போர் திருகோணமலையில் உண்டு. கொஞ்சம் கை பழகியதும் அவர்கள் ஆசைப்படுவது கடல் சாமந்திக்கு. பாடப்புத்தகம் அதைக் கடலனிமனி என்கிறது, கடைக்காரர் அனிமோன் என்கிறார். பார்வைக்குப் பூ, உண்மையில் பவளத்துக்கு உறவுக்கார விலங்கு. கடலில் பல பத்தாண்டுகள் இருக்கக்கூடியது, தொட்டியில் மூன்று நான்கு மாதத்தில் கரைந்துபோனால் "ஏதோ நோய்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் நோயில்லை. கடல் கூப்பிடு தூரத்தில்தானே, தண்ணீருக்கென்ன குறை என்ற நினைப்புத்தான் அதைக் கொல்கிறது.

முதல் பிழை, வற்றிய தண்ணீரை ஈடுசெய்வதில். தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மூடியில்லாத 100 லீற்றர் தொட்டியில் நாளுக்கு 2 லீற்றர் வற்றலாம். ஐந்து நாளில் 10 லீற்றர். அந்த இடத்தைக் கடல்நீரால் நிரப்பினால் 350 கிராம் உப்பு மேலதிகமாகச் சேரும். ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உவர்ப்பு 38.5 ஆகும், பத்தாம் நாள் 42. மீன் சமாளித்துக்கொள்ளும், சாமந்தி சுருங்கிவிடும். வற்றியதற்கு நன்னீர்தான் ஊற்றவேண்டும், அதுவும் அன்றன்றைக்கு; பத்து லீற்றரையும் வார இறுதியில் ஒரே மூச்சில் கவிழ்க்கக் கூடாது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்தால் அளவு தவறாது. நன்னீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீர். கிணற்று நீரில் கரைந்திருப்பதெல்லாம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும், குழாய்நீரில் குளோரின்.

கடல்நீர் வேண்டியது, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதற்கு. அதையும் கண்ட இடத்தில் அள்ள முடியாது. உள்துறைமுகத்தில் படகு எண்ணெய். கொட்டியாரக் குடாவில் மாரி காலத்தில் மகாவலி கொட்டும் நன்னீர். கலங்கல் போதாதென்று உவர்ப்பும் இறங்கியிருக்கும். மழை ஓய்ந்த நாட்களில், கழிவுநீர்க் கான் வாய்களிலிருந்து தள்ளி, நிலாவெளிப் பக்கத்துத் திறந்த கடலில் அள்ளுவது நல்லது. இறுக்கமான துணியில் வடித்து, காற்றுக்குழாய் போட்டு ஒரு வாரம் இருட்டில் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை எடுக்கவேண்டும். ஊற்றுமுன் உவர்ப்பை அளக்காமல் விடக்கூடாது. நன்னீரை 1 என்று வைத்த அடர்த்தி எண்ணில் அது 1.025 முதல் 1.026 வரை நிற்கவேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் மானியில் ஒரு சிறு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்குப் பிழைத்துவிடும். ஒளி முறிவைக் கொண்டு உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றர் நல்லது, ஆனால் அதை 35 உவர்ப்புள்ள சோதனைக் கரைசலில் சரிபார்த்திருக்க வேண்டும்.

நிலாவெளி உப்பளத்து உப்பைக் கரைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கறிக்கு அருமையான உப்புத்தான். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும், மக்னீசியம் கடைசிக் கசப்புநீரோடு போய்விடும். நடுவில் வாருவது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைட். சாமந்திக்கும் பக்கத்துப் பவளத்துக்கும் வேண்டிய கல்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை. உப்புக் கரைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவையை லீற்றருக்கு 36 முதல் 38 கிராம் வரை போட்டு, ஒரு நாள் முழுக்கக் கலக்கி ஊற்றுங்கள்.

அடுத்தது சூடு. தொட்டி 25 முதல் 27 பாகை செல்சியசில் இருப்பது நல்லது. 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் சாமந்தி தன் உடலுக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும். 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது பவளங்கள் வெளிறியதும் இதனால்தான். குளிரூட்டி வாங்க வசதியில்லாதவர்கள் நீர்மட்டத்துக்குக் குறுக்கே ஒரு சிறு மின்விசிறியை ஓடவிடலாம். இரண்டு மூன்று பாகை குறையும். கச்சானின் வறட்டுக் காற்றில் இது நன்றாக வேலை செய்யும், மாரியின் ஈரக்காற்றில் அவ்வளவு எடுபடாது, அப்போது தேவையும் குறைவு. விளக்கை நண்பகலில் எரிக்காமல் மாலை நான்கிலிருந்து நள்ளிரவு வரை எரித்தால் இரண்டு சூடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. சாமந்திக்கு வேண்டியது எட்டு ஒன்பது மணி நேர வெளிச்சம். எந்த எட்டு மணி என்று அது கேட்பதில்லை.

நிறத்தைப் பற்றித்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தூய வெள்ளை உடலும் ஊதா நுனியுமாக இருப்பது அழகான வகையல்ல, பட்டினி கிடக்கும் சாமந்தி. உள்ளே பாசி போய்விட்டது. வெளிச்சத்திலிருந்து உணவு கிடைக்காது. எலுமிச்சை மஞ்சளாகவோ பளீர் ரோஜா நிறமாகவோ பாதம் முதல் நுனி வரை ஒரே பூச்சாக இருந்தால் சாயம் ஏற்றியது என்று சந்தேகிக்கலாம். ஆரோக்கியமானதில் பச்சையோ சிவப்போ எதுவாயினும் அடியில் ஒரு மண்ணிறச் சாயல் தெரியும். வாங்கும்போது வாயைப் பாருங்கள்: சுருக்குப்பையின் வாய் போல இறுகியிருக்கவேண்டும். தொங்கித் திறந்திருந்தால் வேண்டாம். ஈரக்கையால் தொட்டால் உணர்கொம்பு விரலில் ஒட்டவேண்டும். பாதத்தில் கிழிசல் இருந்தால் விலை பாதியானாலும் விட்டுவிடுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு ஏற்றது குமிழ்முனைச் சாமந்தி. தொட்டிக்கு ஆறு மாத வயதாவது ஆகி, அமோனியாவும் நைத்திரைற்றும் சுத்தமாகப் பூச்சியமாகவும், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் அளவிலும் நிற்கவேண்டும். 120 லீற்றருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். நுனிக் குமிழ் சில வாரம் மறைந்து நீண்ட விரலாக மாறினால் பதற வேண்டாம். கம்பளச் சாமந்தி வேறு கதை. அது சிறு மீன்களையே விழுங்கும்.

சாமந்தி நடக்கும். வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்காவிட்டால் இரவோடு இரவாக இடம் மாறும். எந்தத் தொட்டியிலும் அதற்குப் பேராபத்து, நீரோட்டம் உண்டாக்கும் அலைமோட்டார். மின்வெட்டில் மோட்டார் நின்றிருக்கும் நேரம் ஊர்ந்துபோய் அதன் வாயில் குந்திக்கொள்ளும். கரண்ட் வந்ததும் அரைபட்டுவிடும். தண்ணீர் பால்போலாகி, நுரை பொங்கி, அழுகல் வாடை கிளம்பும்; அமோனியா ஏறி, பிராணவாயு குறைந்து, விடியுமுன் மீனும் போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு மோட்டாருக்கும் பெரிய துளையுள்ள ஸ்பொஞ்சோ சிறு கண் வலையோ சுற்றி, வாராவாரம் கழுவவேண்டும்; அடைபட்டால் ஓட்டம் குறைந்து அது மறுபடி நடக்கத் தொடங்கும். தப்பித் தவறி அரைபட்டால் துண்டுகளை அகற்றி, பாதித் தண்ணீரை உடனே மாற்றி, வடிகட்டிக்கான செயலூட்டிய கரி போட்டு, காற்றைக் கூட்டுங்கள். ஒட்டிய இடத்திலிருந்து இழுத்து எடுப்பதும் பாதத்தைக் கிழிக்கும். கல்லோடு நகர்த்துங்கள், முடியாவிட்டால் சிறு பம்பின் நீரைப் பாதத்தின் விளிம்பில் பாயவிடுங்கள், தானாகக் கழலும்.

உணவு கொடுத்தே கெடுப்பவர்களும் உண்டு. கடலைப்பருப்பு அளவு பச்சை இறால், உப்பில்லாமல், வாரம் ஒன்றிரண்டு தடவை போதும். முழு இறாலைக் கொடுத்தால் விழுங்கி, மறுநாள் வெள்ளைக் கட்டியாகக் கக்கும். அதற்கும் நட்டம், தண்ணீருக்கும் நட்டம். இடையிடையே ஒரு சில மணி நேரம் சுருங்கி மண்ணிறக் கழிவைத் தள்ளுவது வழமை. இரண்டு நாளாகியும் விரியாமல், வாய் பிளந்து, தொட்டால் ஒட்டாமல் கிடப்பதுதான் ஆபத்து.

மீனின் வெண்புள்ளி நோய்க்குப் போடும் செப்பு மருந்தைச் சாமந்தி இருக்கும் தொட்டியில் ஒரு துளியும் விடாதீர்கள். கல்லும் அதை உறிஞ்சி வைத்துப் பிறகு கசியவிடும். தெருவில் டெங்குக்குப் புகையடிக்கும்போது ஈரத்துணியால் தொட்டியை மூடி, காற்றுப் பம்பையும், நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் புகை கலையும் வரை நிறுத்துங்கள்.

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவில் இருந்து ஒன்றைப் பெயர்த்து வந்தால் என்ன என்று எண்ணுவோருக்கு: அது 2003 முதல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் தேசிய பூங்கா, ஒரு சிப்பிகூட எடுக்க முடியாது. பாறையிடுக்கில் பாதத்தைப் புதைத்த சாமந்தி கிழியாமல் வருவதும் அபூர்வம். குமிழ்முனை வகை தொட்டியிலேயே தானாக இரண்டாகப் பிரியும். அப்படிப் பிரிந்த குட்டியை இன்னொரு வளர்ப்பவரிடம் வாங்குவதுதான் மலிவு, பிழைப்பதும் அதுதான்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பையில் உவர்ப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எந்தத் திகதியில் வந்து சேர்ந்தது என்ற மூன்றையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள். கடைத் தொட்டி 1.021இல் ஓடி வீட்டுத் தொட்டி 1.026இல் இருந்தால், சிறு குழாயால் செக்கனுக்கு இரண்டு மூன்று துளியாக நீர் சொட்டவிட்டு, ஒரு மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரம் பழக்கவேண்டும். அந்த எண் தெரியாமல் வாங்குபவர் அதை எப்படி அறிவார்?

இப்படிக்கு,
உவர்நீர்த் தொட்டி வளர்ப்போர் சிலர்,
உப்புவெளி, திருகோணமலை.