மின்தூண்டல்: போன பார்வை திரும்பாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பரம்பரை விழித்திரைச் சிதைவில் கண்ணுக்கு மின்சாரம் கொடுத்தால் போன பார்வை திரும்பும் என்ற பேச்சு பரவுகிறது. திரும்பாது. எஞ்சியிருக்கும் ஒளியுணர் செல்களின் அழிவைத் தாமதப்படுத்துவதே இதன் நோக்கம்.

மின்வாயாக, வெள்ளி பூசிய, தலைமுடி போன்ற மெல்லிய இழை கீழிமையோரம் கருவிழியைத் தொட்டபடி கிடக்கும். மற்றொரு மின்வாய் தோலில் ஒட்டப்படும். மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் ஒரு கட்டத்தில் பார்வையோரத்தில் வெளிச்சம் படபடக்கும். அதுதான் அவரவர் தொடக்க அளவு. சிகிச்சைக்கு அதன் 150 அல்லது 200 சதவீதம், 20 ஹெர்ட்ஸ், வாரம் ஒருமுறை 30 நிமிடம். ஒருவருக்கு வைத்த அளவை அப்படியே இன்னொருவருக்கு வைப்பது வீண்வேலை.

இழை உலர்ந்தால் தொடர்பு கெட்டு, சுருக்கென்று குத்தும். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சரியாகும். கண் உலர்வுதான் அடிக்கடி தலைகாட்டும் பக்கவிளைவு.

2011இல் வெளியான, 24 பேரிடம் நடந்த ஜெர்மன் ஆய்வில் பார்வைப்புலம் (கண்ணை அசைக்காமல் பார்க்கக்கூடிய பரப்பு) சற்று விரிந்தது. 2017இல் வந்த, 52 பேரின் ஓராண்டு ஆய்விலோ அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஒளிக்கு விழித்திரை தரும் மின் எதிர்வினையை அளக்கும் மின்விழித்திரைப் பதிவில்தான் சிறு முன்னேற்றம். தொடங்கும் முன் பார்வைப்புலம், மின்விழித்திரைப் பதிவு ஆகிய இரு சோதனைகளையும் எடுக்காதவரிடம் சிகிச்சைக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
விழித்திரைப் பரிசோதகர்கள்