வால்பாறை மழையும் டிரையர் குழாயும்

திருப்பூர்,
ஆடி வெள்ளி

அன்புள்ள மாப்பிள்ளை சுப்பிரமணிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படங்கள் அதற்கு முன்பே வாட்ஸப்பில் வந்துவிட்டன. விஷயத்தைத் தபாலிலும் படத்தைப் போனிலும் அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான்.

இங்கே ஆடிக்காற்று அடிக்கிற அடியில் காலையில் கொடியில் போட்ட வேட்டி அரை மணியில் காய்ந்துவிடுகிறது. கிளிப் மாட்டாவிட்டால் அடுத்த வீதியில் போய்ப் பொறுக்கி வர வேண்டும். மேற்கே இருந்து வருகிற காற்று எங்களுக்கு, அது சுமந்து வருகிற மழையெல்லாம் உங்களுக்கு. 40 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் துணி காய்வதே ஒரு கவலை. தங்கச்சி அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டு, போன வருஷம் முழுக்க உன் சட்டையெல்லாம் புகைவாசம் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் மகன் அமெரிக்காவில் இருந்தபடியே ஆர்டர் போட்டு டிரையர் அனுப்பி வைத்தது நல்ல காரியம்தான்.

இரண்டு மாதத்திலேயே ஒரு ஈடு துணிக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது, ஹீட்டர் பழுதாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறாய். ஹீட்டரில் ஒன்றும் இருக்காது, மாப்பிள்ளை. 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியதும் நான் வாஷிங் யூனிட்டுக்குப் போனேன் அல்லவா? அங்கே ஆள் உயரத்துக்கு நின்ற டிரையர்களோடு ஒன்பது வருஷம் குப்பை கொட்டினேன். துணி காய்வது சூட்டால் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சூடு ஈரத்தைத் துணியிலிருந்து கிளப்பிவிடும், அவ்வளவுதான். கிளம்பிய ஈரத்தை வெளியே கொண்டுபோவது காற்று. காற்று போக வழியில்லை என்றால் ஈரம் டிரம்முக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நேற்று 40 நிமிஷத்தில் காய்ந்த துணிக்கு இன்று 55 நிமிஷம் என்றால் எங்கள் ஃபோர்மேன் மெஷினைத் தொட மாட்டார், நேரே குழாயைத்தான் போய்ப் பார்ப்பார்.

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் மடிப்புக் குழாய் மேலே ஏறி, அலமாரியைச் சுற்றி, வெண்டிலேட்டர் வழியாக வெளியே போகிறது. வெளி வாயில் குருவி கூடு கட்டாமல் இருக்க நைலான் வலை வேறு கட்டியிருக்கிறாய். கோளாறு மூன்றும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் காற்றுக்கு வேகம் குறையும். குழாயின் மடிப்பு ஒவ்வொன்றிலும் பஞ்சுத் தூசு ஈரத்தோடு போய் ஒட்டும். கடைசியில் வலை. மெஷினில் உள்ள ஃபில்டரைத் தாண்டி வந்த பஞ்சு முழுக்க அதில்தான் அடைத்து நிற்கும். வெண்டிலேட்டர் பக்கச் சுவரில் கறுப்புப் பூத்திருக்கிறதே, மழை ஈரம் என்று எழுதியிருக்கிறாய், எனக்கென்னவோ அது குழாய் மூட்டில் கசிகிற ஆவி என்றுதான் படுகிறது.

இப்படிச் செய்து பார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயைக் கழற்றி, வாசலில் வைத்துத் தட்டு. தலையணைக்கே ஆகும் அளவுக்குப் பஞ்சு விழுந்தாலும் ஆச்சரியப்படாதே. வலையை அறுத்து எறி. குருவிக்குப் பயந்தால், ஓடும்போது திறந்து நிறுத்தினால் தானே மூடிக்கொள்கிற மூடி போடலாம். எல்லாம் மாட்டியபின் மெஷினை ஓடவிட்டு வெளி வாயில் கையை வைத்துப் பார். காற்று கையைத் தள்ள வேண்டும். சும்மா தடவினால் போதாது.

மெஷின் கதவருகே இருக்கிற ஃபில்டரை ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு வழிக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு முறை அல்ல. அதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. தங்கச்சி வாசனைக்கு ஊற்றுகிற கம்ஃபர்ட் மாதிரித் திரவங்கள் நாளடைவில் வலைக்கண்ணில் மெழுகு போலப் படியும். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரியும். குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பார், தண்ணீர் இறங்காமல் மேலே நின்றால் காற்றும் அப்படித்தான் நிற்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பும் வெந்நீரும் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டு.

பஞ்சு பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் காயாத துணி மட்டுமல்ல. பருத்திப் பஞ்சு எப்படிப் பற்றும் என்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் மகன் இருக்கிற நாட்டில் 2008 முதல் 2010 வரை எடுத்த அரசுக் கணக்கில், வருஷத்துக்குச் சுமார் 2,900 வீடுகளில் டிரையரால் தீப்பிடித்திருக்கிறது. காரணங்களில் முதலாவது, சுத்தம் செய்யாமல் விட்டது.

அப்புறம் எண்ணெய். இது என் சொந்தக் கதை, யாரிடமும் சொல்லாதே. போன கார்த்திகையில் மழை விடாமல் பெய்தபோது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், பழக்கம் விடுமா? நல்லெண்ணெய் ஊறின இரண்டு துண்டையும் மருமகளுக்குத் தெரியாமல் வாஷிங் மெஷினில் போட்டு, பிறகு டிரையரிலும் போட்டேன். அவசரமாக வெளியே கிளம்ப வேண்டியிருந்ததால் பாதியிலேயே நிறுத்தி, சூடாக இருந்த துணியை அப்படியே கூடையில் அமுக்கிவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வீட்டில் கருகல் வாசம். கூடைக்குள் கையை விட்டால் நடுவில் கொதிக்கிறது, துண்டில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு. சலவையில் எண்ணெய் முழுக்கப் போவதில்லை. மிச்சம் இருக்கிற எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் ஏறிக்கொண்டே போகும். மெஷின் கடைசிப் பத்து நிமிஷம் சூடில்லாமல் சுற்றுவது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தினேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆகவே எண்ணெய்த் துண்டு, அடுப்படிக் கரித்துணி, பெட்ரோல் பட்ட துணி எதுவும் டிரையரில் கூடாது. உங்கள் ஊரில் பாதியில் கரண்ட் போனால் உடனே கதவைத் திறந்து துணியை வெளியே எடுத்து உதறி விரித்துப் போட்டுவிடு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகாதே.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 16 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டு, எர்த் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மெஷின் சூடாகி நின்றுபோனால் மெக்கானிக் வந்து உள்ளே இருக்கிற தெர்மல் ஃபியூஸை, அதாவது சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கிற ஃபியூஸை, ஒயர் வைத்து ஷார்ட் பண்ணிவிட்டு, "சரியாப் போச்சுங்க" என்பான். விடாதே. ஃபியூஸ் போனது காற்று அடைத்ததால்தான் இருக்கும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுப் புது ஃபியூஸ் போடச் சொல்.

பில் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, உன்னுடையது மாதிரி ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிற மெஷினுக்குச் சுமார் 0.6 யூனிட்டுக்குக் குறையாமல் வேண்டும். டிரம்முக்கு வரும் முன்பே தண்ணீரைப் பிழிந்துவிடுவதுதான் லாபம். வாஷிங் மெஷினில் ஸ்பின்னைக் கூட்டி வை. டிரம்மில் பாதிக்குச் சற்று மேல் போதும், துணி புரள இடம் வேண்டும். ஜமுக்காளத்தையும் பனியனையும் ஒன்றாகப் போடாதே, பனியன் முறுகும்வரை ஜமுக்காளம் ஈரமாகவே இருக்கும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்வாரியக் கணக்கே வேறாகிவிடும், அதையும் பார்த்துக்கொள். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் கொடியை மறந்துவிடாதே.

புரட்டாசி முதல் வாரம் நானும் வீட்டிலும் அங்கே வரலாம் என்றிருக்கிறோம். வரும்போது ஏசி சாமான் கடையில் நல்ல அலுமினியக் குழாய் வாங்கி வருகிறேன். அலமாரியை நகர்த்திவிட்டுச் சுவரில் நேராக ஓட்டை போட்டால் வளைவே இல்லாமல் முடித்துவிடலாம். மெஷின் வாயின் குறுக்களவு, அதிலிருந்து சுவர் வரைக்கும் தூரம், சுவரின் கனம் மூன்றையும் டேப்பால் அளந்து எழுது. இதை மட்டுமாவது வாட்ஸப்பில் அனுப்பு, தபாலில் வருவதற்குள் புரட்டாசி போய்விடும்.

உன்
கந்தசாமி