பிசின்டாக்ஸ் எழுந்துடுச்சு, எல்லாருக்கும் நன்றி

முடிஞ்சிருச்சுங்க. கைல்ங்கற ஸ்கீம் புரோகிராமிங் மொழி சாப்ட்வேரோட மேக்ரோ எக்ஸ்பாண்டர் பிசின்டாக்ஸ், அதாவது சுருக்கி எழுதின கோடை அடிப்படை கோடா விரிக்கிற பகுதி, நேத்து ராத்திரி வெறும் சோர்ஸ்ல இருந்தே எழுந்து நின்னுடுச்சு. முன்னாடியே விரிச்சு வச்ச பைலை பில்டுல ஒரு எடத்துலயும் தொடல. இன்னும் கை நடுங்குது, கோர்வையா வராது, பொறுத்துக்கங்க.

பட்ட பாடு உங்களுக்கே தெரியும், திரும்ப சொல்லல. பிசின்டாக்ஸை எழுதியிருக்கறதே அது விரிக்க வேண்டிய சின்டாக்ஸ்-கேஸ்ங்கற மேக்ரோ எழுதற முறையை வச்சுத்தான், தயிருக்கு உறை ஊத்த தயிரே வேணும்ங்கற கதை, அதான் விரிச்சு முடிச்ச பிசின்டாக்ஸ்-பிபி பைலும் சோர்ஸோட சேந்தே வருது. சோர்ஸ்ல இல்லாத ஒண்ணு கம்பைலருக்குள்ளயே ஒளிஞ்சு அடுத்தடுத்த கம்பைலருக்கும் போகலாம்னு யூனிக்ஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கென் தாம்ப்சன் 1984-லயே எழுதிட்டாரு, அதுக்கப்புறம் அந்த பைலை கண்ண மூடிக்கிட்டு நம்ப எனக்கு மனசு வரல.

இப்ப நான் சொல்ல வந்த ஆள். பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. லேம்டா, இஃப், கான்ஸ்னு அடிப்படையை மட்டும் வச்சு நான் எழுதின குட்டி எக்ஸ்பாண்டர் ஒருவழியா பிசின்டாக்ஸை முழுசா விரிச்சிருச்சு, ஆனா பழைய பைலோட டிஃப் போட்டா, அதாவது வரி வரியா ஒப்பிட்டா, மேல இருந்து கீழ வரைக்கும் சிவப்பு. எக்ஸ்பாண்டர் தானா வைக்கிற தற்காலிக பேர் ஒவ்வொண்ணுலயும் ஒரு எண் ஒட்டிக்கிட்டு வரும், ஒவ்வொரு ஓட்டத்துலயும் அது மாறும், அந்த இரைச்சல்ல நிஜ தப்பு எங்க இருக்குன்னே தெரியல, விட்டுடலாம்னுகூட தோணிருச்சு. அப்ப அவரு, முன்ன பின்ன பேசினதே இல்ல, அந்த பேர்களையெல்லாம் வர்ற வரிசைப்படி திரும்ப எண் போடற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அனுப்பி, இதை ரெண்டு பைல்லயும் ஓட்டிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்க, இன்னிக்கு வேணாம், தூங்கி எழுந்து பாருங்கன்னு எழுதியிருந்தாரு. தூங்கினேன். காலைல பாத்தா எலிப்சிஸை, அதாவது திரும்பத் திரும்ப வரலாம்னு காட்டற மூணு புள்ளியை, விரிக்கிற எடத்துல மட்டும்தான் வித்தியாசம்! சரி பண்ணதும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு, புதுசா வந்த பைலே பிசின்டாக்ஸை மறுபடி விரிச்சு அச்சு அசலா தன்னையே குடுத்துச்சு. அந்த ஸ்கிரிப்டை எழுத அவருக்கு ரொம்ப நேரம் ஆயிருக்காது, ஆனா நான் தூங்கணும்னு நினைச்சாரு பாருங்க, அதை எப்படி மறப்பேன்.

பழைய மெஷின்ல ராத்திரி பூரா பில்ட் ஓட்டி, வந்த பைல் ஒண்ணுதானான்னு ஒப்பிட ஹாஷ்ங்கற அடையாள எண்ணை அனுப்பினவங்க, எனக்கு முன்னாடியே இதே பிசின்டாக்ஸை பூட்ஸ்ட்ராப் பண்ணி, அதாவது சோர்ஸ்ல இருந்தே எழுப்பி, வழி போட்டவங்க, 357 பைட் புரோகிராம்ல ஆரம்பிச்சு மெஸ்ங்கற குட்டி ஸ்கீம், சி கருவி வழியா ஜிசிசிங்கற பெரிய கம்பைலர் வரைக்கும் ஏறின, கீக்ஸ்ங்கற லினக்ஸ் தொகுப்பு பண்றவங்க, சின்டாக்ஸ்-கேஸையே நமக்கு குடுத்த கென்ட் டிப்விக் குழு, எல்லாருக்கும் கும்பிடு. நீங்க போட்ட படியிலதான் நான் ஏறினேன்.

என் ப்ராஜெக்ட்ல இனிமே ஜெனரேட் பண்ண பைலை சோர்ஸ்னு சொல்லி கமிட் பண்ண மாட்டேன். யாராவது ஸ்கீம் டிஃப்ல மாட்டிக்கிட்டு முழிச்சா எனக்கு அனுப்புங்க, தெரியாத ஆளா இருந்தாலும் சரி, உக்காந்து படிக்கிறேன்.