எங்கள் அப்பா கட்டுரை எழுதுவதில்லை, ஐயா

பதவி உயர்வுத் தேர்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் நடந்த நேர்காணலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. என் கோப்பின் நாடாவைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. உங்களில் ஒருவர் கைப்பேசியில் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹெச்-இன்டெக்ஸ் ஏழுதானேம்மா காட்டுது? பத்து வேணுமே" என்றார். என் ஆய்வுக் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். ஆய்விதழ்களின் படிவமோ 'லாஸ்ட் நேம்' பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. பிஎச்.டி. காலத்தில் அதில் அப்பா பெயரைப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஏறியது. அதையே போட வேண்டியதாயிற்று. நடுவில் என் நெறியாளர் அனுப்பிய சில கட்டுரைகளில் வெறும் இனிஷியல். ஆக, ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் தரவுத்தளத்தில் நான் மூன்று பேர். என் 31 கட்டுரைகள் 14, 11, 6 என்று பாகப்பிரிவினை ஆகிக் கிடக்கின்றன. உங்கள் கைப்பேசியில் வந்தது கணவர் பெயரில் உள்ள 11. மூன்றையும் சேர்த்தால் ஹெச்-இன்டெக்ஸும் 11 வரும். சேர்க்கச் சொல்லித் தரவுத்தளத்துக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல்களின் நகல் கோப்பில் நான்காவது தாளிலிருந்து இருக்கிறது.

எங்கள் அப்பா அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவரைக் கணினி முன்னால் உட்காரவைத்துக் காட்டினேன். கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிப் பதினான்கு கட்டுரைகள். அவர் பெயர் முழுசாக, என் பெயர் ஒற்றை எழுத்தாக. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நான் ஒண்ணும் எழுதலையேம்மா" என்றார், ஏதோ மெமோ வந்துவிட்டது போல. அன்றைக்குச் சிரித்தேன். உங்கள் அறையிலிருந்து வெளியே வந்து படியிறங்கும்போது அது நினைவுக்கு வந்தது; சிரிப்பு வரவில்லை.

சரி, சேர்த்தே எண்ணினாலும் அந்த எண் எவ்வளவு சொல்லும்? ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த கணக்கு அது. ஏழு கட்டுரைகளுக்குத் தலா ஏழு சைட்டேஷனாவது, அதாவது பிறர் காட்டிய மேற்கோளாவது, இருந்தால் ஏழு. ஒரே கட்டுரையை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் கணக்கில் ஒன்றுதான். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு உங்களுக்குத் தெரியும். அசெட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைப் பார்க்கிற எளிய சோதனை. சோதனைக்கான பிரிவில் மட்டும் 49,311 பெண்கள். 2000-ல் தொடங்கி 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. சோதனை இல்லாத பிரிவைவிட அந்தப் பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அத்தனை வருட உழைப்பும் ஹெச்-இன்டெக்ஸில் ஒன்று.

நான் அவ்வளவு பெரிய வேலை செய்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கட்டுரைக்காக, ஐந்து வருடம் முன்பு சிகிச்சை முடித்துப்போன பெண்களைத் தேடிப் பேருந்தில் அலைந்திருக்கிறேன். போன் எண் உபயோகத்தில் இருக்காது. விலாசத்தில் 'மாரியம்மன் கோயில் பின்புறம்' என்று இருக்கும். கண்டுபிடித்துப் போனால், "அவங்க போன தையிலயே போயிட்டாங்களே" என்பார்கள். அதைக் குறித்துக்கொண்டு திரும்புவேன். இப்படி வருகிற கட்டுரை வருடத்துக்கு ஒன்றுகூடத் தேறாது.

தேற வைக்கவும் வழி இருக்கிறது, தெரியாமல் இல்லை. காசு கொடுத்தால் ஆசிரியர் பட்டியலில் இடம் கிடைக்கிறது. நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று மொய் எழுதுவது போல மேற்கோள் எழுதிக்கொள்கிறார்கள். 2023-ல் மட்டும் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்க ஆசை.

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. மூன்று பெயரிலும் உள்ள கட்டுரைகளை ஒருவருடையதாக எண்ணுங்கள். அப்புறம், அவற்றில் ஐந்தையாவது படியுங்கள். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனமும் எண்களைவிடக் கட்டுரையில் உள்ள அறிவியலே முக்கியம் என்றுதான் சொல்கிறது. ஐந்து அதிகம் என்றால் மூன்று. முடிவு எனக்கு எதிராக வந்தாலும் சரி, படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் இதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கோப்பு உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. உருவு முடிச்சுதான் போட்டிருக்கிறேன். ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும்.

இப்படிக்கு,
மூன்று பெயரிலும் உள்ள விண்ணப்பதாரர்