எந்தத் தேடுபொறி என்று கேட்டிருந்தாய்

கோரிமேடு, சேலம்
மார்கழி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் கட்டு, நடுவில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அம்மா இப்போது தேவலை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பேசுகிறார். நீ வந்தால் உன்னாலும் தப்ப முடியாது.

உன் கல்லூரி நூலகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளைக் கூகுள், பிங், டக்டக்கோ என்று மூன்று தேடுபொறிகளிலும் ஒரே கேள்வியைப் போட்டு ஒப்பிடச் சொல்கிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல பயிற்சி. ‘உன் ஏற்காட்டு மலைப் பிள்ளைகள் எதில் தேடுகிறார்கள்? நீயும் செய்து பார்த்து எழுது’ என்றும் கேட்டிருந்தாய். செய்து பார்த்தேன். ஆனால் உன் அட்டவணையில் நிரப்புகிற மாதிரி பதில் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டவர் இல்லாமல் பாறைமேல் ஏறி நின்று பாடம் கேட்ட கதை 2020-லேயே எல்லாப் பத்திரிகையிலும் வந்தாயிற்று. அது பொய்யில்லை. அந்த மார்ச்சில் பள்ளியை மூடியதும் எங்கள் ஊருக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் பள்ளிக்கூடம், அதுவும் கரண்ட் இருந்தால். இப்போது நிலைமை வேறு. ஏற்காடு ஏரியைச் சுற்றி நல்ல சிக்னல். எஸ்டேட் பள்ளங்களுக்குள் இறங்கினால்தான் விட்டு விட்டு வரும். 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இணைய வசதி இருந்த வீடுகள் கிராமங்களில் 14.9 சதவீதம், நகரங்களில் 42 சதவீதம். கிராமப் பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கிற 2024 அசர் அறிக்கையோ, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்கிறது. இரண்டும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை, சரி. இருந்தாலும் எவ்வளவு மாறியிருக்கிறது பார். ஒரு பயிற்சி வகுப்பில் இந்த 90-ஐக் காட்டி, ‘இனிமேல் இணையம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது’ என்று ஒருவர் பேசினார். வீட்டில் போன் இருக்கிறது, உண்மைதான். வீட்டில் யார் கையில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம், சின்னவள் என்று வைத்துக்கொள். போன் அப்பாவின் சட்டைப் பையில் எஸ்டேட்டுக்குப் போய்விடும். இருட்டிய பிறகுதான் திரும்பும். அதற்குள் அன்றைய டேட்டாவில் பாதி போயிருக்கும். மீதி அண்ணனுக்கு. அவன் பார்த்து முடித்து இவள் கைக்கு வரும்போது பேட்டரி சிவப்பில் இருக்கும், அம்மா படுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பாள். இது காப்பிப் பழம் பறிக்கிற காலம் வேறு, வீட்டில் எல்லோருக்கும் அலுப்பு. அதே அசர் அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. போனைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் தனக்கென்று சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் பையன்களில் 36.2 சதவீதம், பெண் பிள்ளைகளில் 26.9 சதவீதம். இதைப் படித்ததும் எனக்குச் சின்னவளின் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

‘நம் மலையின் கனிமங்கள்’ என்று ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தேன். பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, இந்த மலைமேலேயே வெட்டிய சரக்கு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து லாரி லாரியாகப் போனது. அடிவாரத்தில் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட். அந்தப் பக்கம் கஞ்சமலையில் இரும்புத்தாது. எழுதுவதற்கு விஷயமா இல்லை? சின்னவள் அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். கனிமங்கள் என்று சிவப்பு மையில் தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. அதன் கீழே, ‘ஏற்காடு ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படுகிறது. இங்கு படகுச் சவாரி வசதி உண்டு.’ படகு எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதுவரை இருந்தது.

‘ஏம்மா, கீழே இன்னும் நாலு லிங்க் இருந்திருக்குமே, தொட்டுப் பார்க்கலையா?’ என்றேன்.

‘திறந்தா சுத்திக்கிட்டே இருக்கும் டீச்சர். நெட்டும் போயிரும். மேல இருக்கிறது மட்டும்தான் உடனே தெரியும்.’

எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் தாத்தா அந்தப் பாக்சைட் குழியில் கூலி வேலை பார்த்தவராம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் கேட்டிருந்தாலே போதும். பாடத்துக்குப் பதில் போனில்தான் இருக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம்தான், நானும் சேர்த்தி. பாடப்புத்தகத்திலேயே 2018-லிருந்து க்யூஆர் கோடு அச்சாகிறதே.

அதே வயதில் என் தம்பி மகன் இருக்கிறானே, கீழே சேலம் அழகாபுரத்தில். அதே மாநிலப் பாடத்திட்டம்தான். வீட்டில் ஃபைபர் லைன், மேசைமேல் கம்ப்யூட்டர். இதே தலைப்பை அவனிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டான். ஹோட்டல் விளம்பரம் வந்ததும் மூடினான். ஒன்றில் பாக்சைட் என்று பார்த்ததும் அந்தச் சொல்லைப் போட்டு மறுபடி தேடினான். இரண்டு இடத்தில் கணக்கு வேறுவேறாக இருந்ததும், ‘அத்தை, இதுல எது சரி?’ என்று கேட்டான். சின்னவளைவிட அவன் கெட்டிக்காரன் இல்லை வசந்தி, நான் இரண்டு பேருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அவனால் தப்பான பக்கத்தைத் திறந்து பார்த்து மூட முடிகிறது. அவளுக்குத் தப்பான பக்கம் ஒன்று திறந்தால் அன்றைய தேடலே முடிந்தது. எத்தனை வீட்டில் இணைப்பு இருக்கிறது என்று எண்ணுகிற கணக்குகளில் இது எங்குமே வராது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான் தூரம்.

இனி உன் ஒப்பீடு. மதிய இடைவேளையில் என் போனிலேயே, ஏரிப் பக்கம் நல்ல சிக்னலில் உட்கார்ந்து செய்தேன். கூகுள், பிங், டக்டக்கோ, அப்புறம் பிரேவ். ஏற்காடு இருக்கிற மலையின் பெயரை வைத்து, தமிழில் ‘சேர்வராயன் மலை கனிமங்கள்’ என்று போட்டால் எல்லாவற்றிலும் முதலில் வந்து நிற்பவை சுற்றுலாவும் தங்கும் விடுதியும்தான். கூகுளில் கொஞ்சம் கீழே போனால் தமிழ் விக்கிப்பீடியா கிடைத்தது. பிங்கும் டக்டக்கோவும் ஏறக்குறைய ஒரே பட்டியலைக் கொடுத்தன. ஏன் என்று பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, நூலகக்காரி உனக்கு முன்பே தெரிந்திருக்கும். டக்டக்கோ தன் முடிவுகளில் பெரும்பாலானதைப் பிங்கிடமிருந்துதான் வாங்குகிறது. யாஹூவும் அப்படித்தான். ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்து வாங்குகிறது. வாசலில் போர்டு வேறுவேறு, சமையல் ஒரே அடுப்பில். 2021-ல் வந்த பிரேவ் இணையப் பக்கங்களுக்குச் சொந்தமாக அட்டவணை வைத்திருக்கிறது என்பதால் ஆசையோடு போட்டேன். தமிழில் எனக்கு ஒன்றும் தேறவில்லை.

அதே கேள்வியை ஆங்கிலத்தில் போட்டதும் சுரங்கத் துறை அறிக்கை, நிலவியல் கட்டுரை, மேட்டூர் ஆலை பற்றிய விவரம் எல்லாம் வரிசையாக வந்தன. எதில் போட்டாலும் வந்தன! உன் அட்டவணையில் தேடுபொறிக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறாய், மொழிக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொள். பொறிக்குப் பொறி நான் பார்த்த வித்தியாசம் கொஞ்சம், மொழிக்கு மொழி பார்த்ததோ மலைக்கும் மடுவுக்கும். இருப்பதைத்தானே எடுத்துக் கொடுக்கும்? ஆங்கில விக்கிப்பீடியாவில் கிட்டத்தட்ட 70 லட்சம் கட்டுரை, தமிழில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதில் சேர்வராயன் என்றால் ஒரு முடிவு, செர்வராயன் என்றால் இன்னொன்று, ஷெவராய் என்றால் வேறொன்று. என் பிள்ளைகள் பாதிப்பேர் தட்டச்சே செய்வதில்லை, மைக்கை அழுத்திப் பேசுகிறார்கள். மலைப் பேச்சு அதற்குப் புரியாமல் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வகுப்பே சிரிக்கும்.

எதில் தேடுகிறார்கள் என்று கேட்டாயே, யூடியூபில். அதற்கடுத்து போனில் எது முதலில் இருக்கிறதோ அதில். எனக்குத் தெரிந்து இங்கே ஒரு பிள்ளைகூட தேடுபொறியைத் தேர்ந்தெடுத்ததில்லை. அது கடையிலேயே தேர்ந்தெடுத்து வருகிறது. இப்படி முதல் இடத்தில் இருப்பதற்காகக் கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம், தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் ஆண்ட்ராய்டு விஷயத்தில் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சின்னவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்த மேல்வரி. அதனால் அந்த மேல்வரியில் யார் நிற்கிறார்கள் என்பது உன் மாணவர்களைவிட அவளுக்குத்தான் அதிகம் பொருட்டு.

ஒரே ஒரு நல்ல செய்தி. டக்டக்கோவில் படமும் அலங்காரமும் இல்லாத ஒரு லைட் பக்கம் இருக்கிறது, வெறும் எழுத்து. பள்ளத்துக்குள் கூகுள் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்த இடத்தில் இது வந்துவிட்டது. அந்தரங்கம், கண்காணிப்பு என்று நீ எழுதியிருந்த காரணங்கள் எல்லாம் இருக்கட்டும், எங்களுக்கு இந்தக் காரணம் போதும்.

நாம் நான்கு ரோட்டில் பிரவுசிங் சென்டருக்குப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு 30 ரூபாய். அப்போதைய தேடுபொறிகளில் நீ அல்டாவிஸ்டா கட்சி, நான் யாஹூ கட்சி. காசு போய்விடுமே என்று தேட வேண்டியதையெல்லாம் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போவோம். அதைத்தான் இப்போது வகுப்பில் செய்ய வைத்திருக்கிறேன். போனைத் தொடுவதற்கு முன் பேப்பரில் எழுது. என்ன வேண்டும், எந்தெந்தச் சொல், எந்தெந்த எழுத்துக்கூட்டல், அதற்கு ஆங்கிலத்தில் என்ன. ஐந்தைந்து பேராக ஒரே போனில், என் டேட்டாவில். மூன்றாவது லிங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டிருக்கிறேன். முட்டாள்தனமான சட்டம்தான், சில சமயம் முதலாவதுதான் சரியாக இருக்கிறது. ஆனாலும் திறந்து பார்க்கும் பழக்கம் வருகிறது. சின்னவள் குழு பாக்சைட்டைக் கண்டுபிடித்தது. தாத்தாவிடமும் கேட்டு எழுதச் சொன்னேன். குழிக்குள் வெயில் காலத்தில் கால் வைக்க முடியாது, செம்மண் உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொன்னதை எந்தத் தேடுபொறியும் கொடுத்திருக்காது.

இதற்கெல்லாம் மேலாக எங்களுக்குக் கைகொடுப்பது ஒரு பழைய லேப்டாப். 2011-ல் அரசு ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியது, பழைய மாணவன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனான். அதில் கிவிக்ஸ் என்று ஒரு மென்பொருளைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன். பென் டிரைவில் அடங்கிவிடுகிறது. நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், விளம்பரம் கிடையாது, உள்ளேயே தேடிக்கொள்ளலாம். கட்டுரைக்குக் கட்டுரை தாவிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள். பாக்சைட்டில் ஆரம்பித்த ஒருத்தி பெங்குவினில் போய் நின்றாள். அழகாபுரத்துப் பையனுக்குத் தினமும் கிடைப்பது இதுதானே, செலவைப் பற்றி நினைக்காமல் தப்பான இடத்துக்குப் போய்வருவது. குறை என்னவென்றால் லேப்டாப் ஒன்றுதான், பேட்டரி செத்துப்போய் பிளக்கிலேயே மாட்டி வைத்திருக்கிறோம்.

2019-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி விடுதி வழக்கில், இணையம் பயன்படுத்துவதும் கல்வி உரிமையில் அடக்கம் என்று சொன்னதை நீதான் எனக்கு அனுப்பியிருந்தாய். நல்ல தீர்ப்பு. தீர்ப்பைக் காட்டி அண்ணன் கையிலிருந்து போனை வாங்க முடியாது, அதுதான் சங்கடம்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் நூலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அவற்றில் ஓடுகிற நிலையில் இரண்டு மூன்று கிடைக்குமா? கடிதம் வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் வாங்கி அனுப்புகிறேன். பொங்கல் விடுமுறையில் தம்பி கோயம்புத்தூர் வருகிறான், காரிலேயே ஏற்றிக்கொள்வான். ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி, சார்ஜர் எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் எழுது. உனக்குத் தட்டுவடை செட்டுக்கான தட்டுவடையும் மலை மிளகும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
மல்லிகா