ராணிப்பேட்டைக்குள் ஒரு பெயிண்டர்

ராணிப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் கையில் அரிப்பு. அந்த அரிப்பில்தான் உன் கேள்விக்கு விடை கிடைத்தது.

எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அடுத்தடுத்து வருகிற ஓர் இங்கிலீஷ் சொல் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு, நீ பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாய். எனக்கு நான்கு நாள் தூக்கம் போச்சு. வியாழக்கிழமை டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை வாங்கி வந்தோம். அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'ஹைட்ராக்ஸிசின்'. விரல் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஓ-வுக்கு அப்புறம் எக்ஸ், ஒய், இசட்! கூப்பிட்டுக் காட்டலாம் என்றால், அம்மா ஒன்று போட்டுக்கொண்டு அசந்து தூங்கிவிட்டாள். அந்த மாத்திரை அப்படித்தான், தூக்கத்தையும் கொடுக்குமாம்.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பரண்மேல் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். கடைகளுக்கு ஒட்டியது போக மிஞ்சின அக்ரிலிக் எழுத்துகள் இருக்குமே, அது. தேடிப் பார்த்தால் ஏ நாலே நாலுதான். சரவணா, அண்ணாமலை, மகாலட்சுமி என்று நம் ஊர்ப் பெயர்களை இங்கிலீஷில் எழுதினால் ஏ-தானே முதலில் தீரும்? நீ வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்கிராபிள் பெட்டியில், எழுத்துக் கட்டைகளை அடுக்கி இங்கிலீஷ் சொல் அமைக்கிற விளையாட்டாச்சே, அதில் கணக்கு வேறு. ஈ 12 கட்டை, ஏ 9. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர், 1930-களில் வேலையில்லாமல் இருந்த ஆர்க்கிடெக்ட், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்து அந்தக் கணக்கைப் போட்டார் என்று நீதானே சொன்னாய். அவர் நம் ஊர் முத்துக்கடைப் பக்கம் நின்று போர்டுகளை எண்ணியிருந்தால் ஏ-க்குத்தான் 12 கொடுத்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் எழுதினால் வருகிற ஏழு எழுத்தையும் எடுத்து, இடம் மாற்றினால் வேறு சொல் அமைகிறதா பார்க்கலாம் என்று தரையில் போட்டேன். வரிசையாக வைத்தால் பழைய பெயரே திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கும், அதனால் வட்டமாகப் பரப்பினேன். ஈ, ஆர் இரண்டையும் ஓரமாகத் தள்ளினேன். டீச்சர், டிரைவர், டெய்லர் என்று தொழில்காரன் பெயர் பல அந்த 'அர்' ஓசையில்தான் முடிகிறது, அதில் பாதிக்கு மேல் ஈ-ஆர். மிச்சம் பி, ஏ, ஐ, என், டி. பாப்பா, கையில் பிரஷ் பிடித்த நாளிலிருந்து டப்பா டப்பாவாக நான் படித்த சொல் அது. பெயிண்ட்! ஈ-ஆரைப் பக்கத்தில் ஒட்டினால் பெயிண்டர். நாற்பது வருஷம் இந்த ஊரில் 'பெயிண்டர்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒருநாளும் தெரியவில்லை.

இன்னும் இருக்கிறது. ஆர்-ஈயை முன்னால் கொண்டுவந்தால் ரீபெயிண்ட். 2019-இல் வேலூரிலிருந்து நம் மாவட்டம் தனியாகப் பிரிந்ததே, அப்போது எத்தனை கடை போர்டில் 'வேலூர் மாவட்டம்' என்பதை அழித்து 'ராணிப்பேட்டை' எழுதினேன்! ஃபிளெக்ஸ் வந்து பிழைப்பைக் கெடுத்த பிறகு எனக்குக் கிடைத்த நல்ல வருஷம் அது. அந்த வேலைக்கான சொல்லும் ஊர்ப் பெயருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் இதை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று நீ சொன்னதையும் நோட்டில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்க வேண்டும். அடுக்கிய வரிசை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே எழுத்துக் கூட்டம். ராணிப்பேட்டைக்கும் பெயிண்டருக்கும் ஏ, ஈ, ஐ, என், பி, ஆர், டி என்றே வருகிறது. ஆனால் அகராதி முழுவதையும் இப்படி அடுக்க என் ஆயுசு போதாது. எனக்கு வட்டம்தான்.

அப்புறம் பஸ் போர்டில் எழுதுகிற ஊரெல்லாம் ஒன்றொன்றாகத் தரைக்கு வந்தது. ஆற்காட்டைக் கலைத்தால் ஆக்டர். ஆம்பூரில் பிரியாணிதான் இருக்கும் என்று நினைத்தால் ரும்பா என்று ஒரு நடனம் இருக்கிறது. கிரகணத்தின் இருட்டு நிழலுக்குச் சொல்கிற அம்ப்ராவும் அதே ஐந்து எழுத்து. ஆரணியை ஏ ஒன்று குறைத்துப் பழைய மாதிரி நாலு எழுத்தில் எழுதினால் ரெயின். ஆரணிக்காரர்களிடம் சொன்னால் எங்கே பெய்கிறது என்பார்கள்.

வேலூர்தான் படுத்திவிட்டது. ஏழு எழுத்தும் சேர்ந்து ஒன்றும் அமையவில்லை. கூட ஓர் ஐ போட்டால் மட்டும் 'லவ்லியர்' வருகிறது, இன்னும் அழகானது என்று அர்த்தம். "அந்த ஐ நம் பாப்பாதான், அவள் வந்தால்தான் அழகு" என்றாள் அம்மா. "ஐ என்றால் நான், நீ இல்லை" என்று இலக்கணம் சொன்னேன். அன்று சாயங்காலம் காபி கிடைக்கவில்லை.

காட்பாடியில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். கே ஒன்று நடுவில் முள் மாதிரி நிற்கிறது. உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார், விடை தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதே. பொங்கலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயா? ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன், அங்கே வைத்துச் சொல். வரும்போது ஏ எழுத்து அக்ரிலிக்கில் எங்கேயாவது கிடைத்தால் ஒரு பத்து வாங்கி வா. மூன்று அங்குலம், சிவப்பு.

இப்படிக்கு,
அப்பா