படத்தின் கீழ் ஆண்டையும் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரவெளியீட்டின் கலைப்பக்கத்தில் ஹொலிவூட் இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். மேலைத்தேய சங்கீதத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே இருக்கும் நிலையில் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆயினும், கட்டுரை 1975இல் வெளிவந்த ‘ஜோஸ்’ (Jaws) திரைப்படத்தின் இசையை விரிவாகப் பேசிக்கொண்டிருக்க, அதன் நடுவே தாடி முழுவதும் வெளுத்த முதியவர் ஒருவரின் படம் எவ்விதக் குறிப்புமின்றி அச்சாகியிருந்தது. 1932இல் பிறந்த அவர் அந்த இசையை எழுதியபோது நாற்பத்து மூன்று வயதைத் தாண்டியிருக்கவில்லை.

இந்தப் படத்தையொட்டி இங்கே மட்டக்களப்பில் மேலைத்தேய சங்கீதம் பயிலும் இளைஞர்களிடையே பெரிய விவாதமே எழுந்தது. அவர் எந்த ஆண்டில் தாடி வைத்தார், எப்போது அது நரைக்கத் தொடங்கியது என்று அவர்கள் வாதிட்டார்கள். அது வேலையற்றவர்களின் பேச்சு என்று வாசகர் ஒருவர் தங்களுக்கு எழுதியதும் சென்ற வாரம் பிரசுரமாயிற்று. அந்த வாசகரின் கருத்தை மறுப்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தாடி அவருக்கு அழகா, இல்லையா என்ற பேச்சை நானும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எப்போது என்ற கேள்வி அப்படிப்பட்டதன்று. ஒலிப்பதிவுக் கூடங்களில் எடுக்கப்பட்ட பழைய படங்கள் பல, திகதியோ இடமோ குறிக்கப்படாமலே கைமாறி வருகின்றன. அவற்றை வரிசைப்படுத்த முயலும் ரசிகனுக்கு முதலில் அகப்படும் தடயம் அந்த முகமே ஆகும். தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த 1960களில் அவர் தாடியின்றி மழித்த முகத்தோடு இருந்தார். 1977 மார்ச்சில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தி ‘ஸ்டார் வோர்ஸ்’ இசையை ஒலிப்பதிவு செய்த நாட்களின் படங்களில் அவரை நரை மிகாத தாடியோடு காண்கிறோம். 1980 முதல் 1993 வரை பொஸ்டன் பொப்ஸ் இசைக்குழுவின் நடத்துநராக அவர் பணியாற்றினார். அக்காலப் படங்களை அடுக்கிப் பார்த்தால் அந்தத் தாடி படிப்படியாக வெளுத்து வருவது தெரியும். தாடி ஆண்டைச் சொல்லிவிடாது என்பது உண்மைதான். எது முந்தியது, எது பிந்தியது என்பதை மட்டுமே அது காட்டும். ஆண்டை உறுதிசெய்வதற்கு ஒலிப்பதிவுக் குறிப்புகளும் இசைத்தட்டு உறைகளுமே வேண்டும். அவற்றைத் தேடிப் போகும்படி இந்தப் பிள்ளைகளைத் தூண்டியது அந்தத் தாடிதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆரம்பகாலத்து இசைத்தட்டுகளிலும் தொலைக்காட்சித் தொடர்களின் பெயர்ப்பட்டியல்களிலும் அவர் பெயர் ஜோனி வில்லியம்ஸ் என்றே காணப்படும். அவருடைய தந்தையார் ஜாஸ் இசைக்குழுவில் தாளவாத்தியம் வாசித்தவர். அவரும் அதே பெயரால்தான் அறியப்பட்டார். பெயரும் வேறு, முகமும் வேறு என்றிருக்கும்போது, தாடியில்லாத ஜோனியும் தாடிவைத்த ஜோனும் இருவேறு மனிதர்கள் என்று மாணவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்று, தொண்ணூறு வயதைக் கடந்த பின்னர் 2024இல் ஐம்பத்து நான்காவது முறையாகவும் பரிந்துரைக்கப்பட்ட ஒருவரின் நீண்ட உழைப்பை, முதுமைக் காலத்துப் படம் ஒன்றை மட்டும் வைத்து விளங்கிக்கொள்ள முடியாது. இரவு விடுதிகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பியானோ வாசித்துக் கூலி பெற்ற இளைஞனின் முகத்தையும் எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

படத்தின் காலத்தை முகத்தைக் கொண்டு கணிப்பது எங்கள் பகுதி மக்களுக்குப் புதிதன்று. 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போன பெட்டகங்கள் எத்தனை! 2004 டிசம்பரில் கல்லடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோன அல்பங்கள் எத்தனை! எஞ்சிய படங்களிலும் உப்புநீர் பட்டு ஓரங்கள் பழுத்துவிட்டன; பின்புறத்தில் எழுதிவைத்த மை கரைந்து ஊதா நிறத் திட்டாகக் கிடக்கிறது. அத்தகைய படம் ஒன்றைக் கையில் எடுத்தால், “அப்பாவுக்கு மீசை இருக்கு, அப்ப இது சூறாவளிக்கு முந்தின படம்” என்றுதான் வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அதே முறையை ஓர் இசையமைப்பாளரின் படத்துக்குப் பிரயோகிக்கும் இளைஞர்களை வேலையற்றவர்கள் என்று சொல்லலாமா?

இக்குறை வெளிநாட்டுக் கலைஞர் ஒருவரின் படத்தோடு நின்றுவிடுவதுமில்லை. காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்து, 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தராகி, 1947இல் பண்டைத் தமிழிசை ஆய்வான யாழ்நூலை நமக்குத் தந்து மறைந்த அடிகளாரின் படங்களையும் ஆண்டுக் குறிப்பு இல்லாமலேயே பத்திரிகைகள் வெளியிட்டு வருகின்றன. எங்கள் கூத்துக் கலையைப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாருக்கு நேர்வதோ இதைவிட மோசம். ஓர் அண்ணாவியார் வடமோடிக் கூத்து ஆடிய இளமைக் காலத்துப் படமா, கூத்துப் பழக்கிய முதுமைக் காலத்துப் படமா, எந்த ஊர்க் களரியில் எடுத்தது என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் ஒருவர் இருவராய்க் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே, இனிமேல் கலைஞர்களின் படங்களை வெளியிடும்போது எடுத்த ஆண்டு, இடம், படம் கிடைத்த வழி ஆகிய மூன்றையும் சிறிய எழுத்தில் ஒரே வரியில் அச்சிடுமாறு தங்களைத் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு தெரியாத படத்துக்கு ‘ஆண்டு தெரியவில்லை’ என்றே போடுங்கள். தெரிந்த வாசகர் யாரேனும் எழுதுவார். அந்தத் திருத்தத்தை அடுத்த வாரம் அதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேலைத்தேய சங்கீத ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.